செல்ஃப் அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை: பம்ப்பை மாற்றும் முன் ஒயரைப் பாருங்கள்

பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் ஒரு சத்தத்தைக் கேட்டுப் பழகிக்கொள்ள வேண்டும். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏசி, பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்புங்கள். செல்ஃப் அடிக்க வேண்டாம். பின்சீட்டுப் பக்கத்திலிருந்து ‘ஊங்ங்’ என்று ஒரு முனகல் கிளம்பி இரண்டு விநாடியில் அடங்கும். அதுதான் ஃப்யூயல் பம்ப். வண்டி நன்றாக இருக்கும்போதே இந்தச் சத்தம் காதில் பதிந்துவிட்டால், என்றைக்காவது அது வராமல் போகும்போது பாதி நோய் தெரிந்த மாதிரி.

எனக்கு இந்தப் பழக்கம் செலவு செய்த பிறகுதான் வந்தது. பதினெட்டு வயதான என் காரை ஏற்காடு மலையில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஏழெட்டு கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் இழுவை குறைந்தது. எவ்வளவு மிதித்தாலும் வண்டிக்கு மூச்சு வாங்கியது. ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி கொஞ்ச தூரம் ஓடும். ஊர் திரும்பியதும் ஒர்க்‌ஷாப்பில் “பம்ப் போயிடுச்சு சார்” என்றார்கள். புது பம்ப் போட்டாயிற்று. அடுத்த மாதம் அதே மலை, அதே மூச்சிரைப்பு. கடைசியில் கோளாறு பம்ப்பிலேயே இல்லை, பத்தாம் நம்பர் ஸ்பேனரில் கழலும் ஒரு போல்ட்டில் இருந்தது. அந்த போல்ட் கதைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் கரண்ட் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்துவிடலாம்.

இங்கே பழைய கார் என்று நான் சொல்வது எம்பிஎஃப்ஐ, அதாவது கார்புரேட்டருக்குப் பதிலாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் இன்ஜெக்டர் பெட்ரோல் பீய்ச்சும் ஏற்பாடு, வந்த பிறகான வண்டிகளை. நம் ஊரில் 1998-ல் சான்ட்ரோ அப்படித்தான் வந்தது. 2000-ஐ ஒட்டி மாருதி 800-க்கும் எம்பிஎஃப்ஐ வந்துவிட்டது. அதற்கு முந்தைய கார்புரேட்டர் வண்டிகள் பெரும்பாலானவற்றில் இன்ஜின் சுழற்சியாலேயே இயங்கும் மெக்கானிக்கல் பம்ப்தான், ஒயர் சமாச்சாரமே கிடையாது. மொரிஸ் மைனர் ஒரு விதிவிலக்கு. அதில் எஸ்யு கம்பெனியின் எலக்ட்ரிக் பம்ப். அது நின்றுவிட்டால் பானெட்டைத் திறந்து ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டுவார்கள், ‘டக் டக்’ என்று மறுபடி ஓடும். தட்டினால் ஓடுகிற பம்ப் என்பது அன்றைக்கே இருந்த வியாதி.

எம்பிஎஃப்ஐ வண்டியில் பம்ப் டேங்க்குக்குள்ளேயே, பெட்ரோலில் முங்கிக் கிடக்கிறது. இன்ஜெக்டர்கள் பெட்ரோலைப் பனி மாதிரி பீய்ச்ச வேண்டும் என்பதால் குழாயில் நல்ல அழுத்தம் தேவை. பல வண்டிகளில் அது சுமார் 3 பார். டயருக்கு நாம் அடிக்கும் காற்று இரண்டேகால் பார்தான், இது அதைவிடக் கூடுதல். பெட்ரோலுக்குள் கரண்ட்டா என்று பயப்பட வேண்டாம். டேங்க்குக்குள் தீப்பிடிக்கும் விகிதத்தில் காற்று கலந்திருப்பதில்லை. பெட்ரோல்தான் மோட்டாரைக் குளிர்விக்கவும் செய்கிறது. எப்போதும் ரிசர்வில் ஓட்டுபவர்களின் பம்ப் சீக்கிரம் தேய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, பாதை. பேட்டரியில் கிளம்பும் கரண்ட் ஒரு ஃப்யூஸைத் தாண்டுகிறது. பெரும்பாலும் 15 அல்லது 20 ஆம்ப் ஃப்யூஸ். அடுத்தது ரிலே. அங்கிருந்து கதவடியில் கார்ப்பெட்டுக்குக் கீழே நீண்ட ஒயர் ஓடி, பின்சீட்டுக்கு அடியில் டேங்க் மேல் இருக்கும் கப்ளரில், அதாவது கழற்றி மாட்டும் ஒயர் இணைப்பில், சேர்கிறது. மோட்டாருக்குள் நுழைந்து வெளியே வந்து, எர்த் ஒயர் வழியாக வண்டியின் பாடிக்குப் போய், பாடி வழியாகவே பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்புகிறது. போன கரண்ட் திரும்பி வந்தால்தான் மோட்டார் சுற்றும். போகிற வழியை எல்லாரும் சோதிப்பார்கள். திரும்பி வருகிற வழியை யாரும் கண்டுகொள்வதில்லை.

இதில் ரிலே என்பது கிணற்று மோட்டாருக்கு இருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டியின் குட்டித் தம்பி. பச்சைப் பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு காயில் காந்தமாகி, பெரிய கான்டாக்ட்டை ‘டப்’ என்று இழுத்துப் பிடிக்கிறது அல்லவா, அதே வேலைதான். பம்ப் இழுக்கும் 4, 5 ஆம்ப் கரண்ட் கான்டாக்ட் வழியாகப் போகும். காயிலுக்கு அதில் ஒரு சிட்டிகை போதும். சாதாரண நாலு கால் ரிலேயில் 30, 87 என்று எழுதியிருப்பவை கான்டாக்ட்டின் இரண்டு முனைகள். 85, 86 காயிலின் முனைகள். ரிலேயின் முதுகிலேயே குட்டியாகப் படம் போட்டிருக்கும்.

பொத்தானை அழுத்துவது நாம் இல்லை, ஈசியு என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர். அது கொஞ்சம் முன்ஜாக்கிரதைக்காரன். சாவி ஆன் ஆனதும் இரண்டு விநாடி பம்ப்பை ஓட்டிக் குழாயில் அழுத்தம் ஏற்றிவிட்டு நிறுத்திவிடும். இன்ஜின் சுற்றுகிறது என்று கிராங்க் சென்சார் தகவல் சொன்னால்தான் மறுபடி ஓட்டும். ஏன் இந்த ஏற்பாடு என்றால், வண்டி எங்காவது மோதிப் பெட்ரோல் குழாய் பிய்ந்து இன்ஜினும் நின்றுவிட்ட நேரத்தில் பம்ப் மட்டும் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த இரண்டு விநாடிக் கணக்கு தெரியாமல் ஏமாறுகிறவர்கள் நிறைய. சாவியை ஆன் செய்துவிட்டு, இறங்கி, பின்கதவைத் திறந்து, கப்ளரில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தால் பூஜ்யம்தான் காட்டும். உடனே ‘கரண்ட் வரவில்லை’ என்று முடிவு கட்டி ஒயரிங் முழுக்கப் பிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். கரண்ட் வந்துவிட்டுப் போய்விட்டது, அவ்வளவுதான். ஒருவர் மீட்டரைப் பிடிக்க, இன்னொருவர் சாவியைத் திருப்ப வேண்டும்.

மீட்டர் 12 வோல்ட் காட்டுகிறது, அப்புறமென்ன?

புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் புரிந்துகொள்ள வேண்டிய இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

உங்கள் வீட்டு மாடித் தொட்டியிலிருந்து கீழே வரும் குழாயில் உப்பு படிந்து முக்கால்வாசி அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே குழாய் மூடியிருக்கும்போது அங்கே அழுத்தத்தை அளந்தால் தொட்டியின் முழு அழுத்தமும் இருக்கும். அடைப்பு இருப்பதே தெரியாது, ஏனென்றால் தண்ணீர் ஓடவே இல்லை. குழாயைத் திறங்கள். அழுத்தம் காணாமல் போய், நூல் மாதிரி தண்ணீர் ஒழுகும்.

ஒயரிலும் இதேதான். பம்ப்பின் கப்ளரைக் கழற்றிவிட்டு அதன் வாயில் மீட்டரை வைத்தால், மீட்டர் கிட்டத்தட்ட கரண்ட்டே இழுக்காது. பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒற்றை இழையில் தொங்கும் ஒயர்கூட அப்போது 12 வோல்ட் காட்டும். “கரண்ட் நல்லா வருது சார், பம்ப்தான் அவுட்டு” என்கிற தீர்ப்பு இந்த அளவீட்டில்தான் பிறக்கிறது. என் வண்டியிலும் இப்படித்தான் நடந்தது. கப்ளரை மாட்டி, பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்திருந்தால் அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும்.

கணக்கும் எளிதுதான். கரண்ட் பெருக்கல் தடை, அதுதான் வழியில் தொலையும் வோல்ட். 5 ஆம்ப் இழுக்கிற பம்ப்பின் பாதையில் எங்காவது துருவோ களிம்போ ஏறி அரை ஓம் தடை உண்டானால் இரண்டரை வோல்ட் அங்கேயே போய்விடும். அரை ஓம் என்பது சாதாரண மல்டிமீட்டரில், ஒயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் கன்டின்யூட்டி வைத்தால் ‘பீப்’ என்று ஒலித்து, எல்லாம் சரி என்று சொல்லிவிடுகிற அளவு. ஆக, பீப் சத்தத்தையும் நம்பக் கூடாது.

வோல்ட் குறைந்தால் பம்ப் நின்றுவிடாது, மெதுவாகச் சுற்றும். கிராமத்தில் சாயங்காலம் லோ வோல்டேஜில் ஃபேன் சுற்றுமே, அந்த மாதிரி. ஐட்லிங்கில் வண்டி அழகாக நிற்கும், தெருவில் ஓட்டினால் குறை தெரியாது. மேட்டிலோ ஹைவேயிலோ பெட்ரோல் தேவை கூடும்போதுதான் திணறும். என் மலைக் கதை இப்போது புரிந்திருக்கும்.

கை வைக்கும் முன்

பெட்ரோல் விஷயம். வெட்டவெளியில், கதவுகளைத் திறந்துவைத்து வேலை பாருங்கள். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். டேங்க் பக்கத்தில் எதை மாட்டினாலும், கழற்றினாலும் சாவி ஆஃப் ஆகியிருக்க வேண்டும். முதலில் கிளிப்பை மாட்டு, பிறகு கரண்ட்டைக் கொடு, அந்த வரிசை மாறினால் பொறி பறக்கும். பின்சீட்டைத் தூக்கியதும் பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தால் மீட்டரை எடுக்கவே வேண்டாம், அது வேறு வேலை. பெட்ரோல் குழாயை இந்தச் சோதனைகளுக்காகக் கழற்றத் தேவையில்லை. வண்டி நின்று வெகுநேரமான பிறகும் அதில் அழுத்தம் இருக்கும், கண்ணில் பீய்ச்சும்.

ஓர் இரவல் ரிலேயும் ஒரு ஹெட்லைட் பல்பும்

சாவி ஆன், சத்தம் வரவில்லை. முதலில் ஃப்யூஸ். கண்ணால் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். ஃப்யூஸின் தலையில் இரண்டு சின்னத் துளைகள் இருக்கும், கரண்ட் இருக்கும் நேரத்தில் இரண்டிலும் டெஸ்ட் லேம்ப் எரிய வேண்டும். ஒன்றில் எரிந்து மற்றதில் எரியாவிட்டால் ஃப்யூஸ் போயிருக்கிறது. புது ஃப்யூஸும் உடனே போனால், ஒயர் எங்கோ தோல் உரிந்து பாடியில் படுகிறது அல்லது மோட்டார் இறுகிவிட்டது. 15 போகிறதே என்று 30 போடுவது, சிகரெட் பாக்கெட் தாளைச் சுற்றி மாட்டுவது, இதெல்லாம் ஒயரையே ஃப்யூஸாக மாற்றும் காரியம். தீப்பிடிப்பது அப்போதுதான். நம் ஊரில் எலி ஒரு தனிக் காரணம். ஒரு மாதம் ஓடாமல் நின்ற வண்டியென்றால் முதலில் எலி கடித்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஃப்யூஸ் சரியென்றால் ரிலே. பல வண்டிகளில் ஹார்ன் ரிலேயும் பம்ப் ரிலேயும் ஒரே வகையாக இருக்கும். நம்பர் ஒத்துப்போனால் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். பம்ப் ஓடி, ஹார்ன் ஊமையானால் குற்றவாளி ரிலேதான். செலவே இல்லாத சோதனை. ரிலே ‘டிக்’ என்று சத்தம் போடுவதால் மட்டும் அது நல்ல ரிலே ஆகிவிடாது, காயில் இழுத்தும் கான்டாக்ட் கருகிக் கிடக்கலாம். வெயிலில் நின்றால் ஸ்டார்ட் ஆகாது, மாலையில் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும் என்ற புகாருக்குப் பின்னால் ரிலேக்குள் விரிசல் விட்ட சால்டர் இருப்பது உண்டு. எண்பதுகளின் கடைசி, தொண்ணூறுகளின் ஹோண்டா கார்களில் மெயின் ரிலே இதற்குப் பேர் போனது. பழக்கப்பட்டவர்கள் ரிலேயைப் பிரித்து, விரிசலுக்கு மறு சால்டர் வைத்து ஓட்டிவிடுவார்கள்.

ரிலேயும் நல்லதுதான் என்றால் அதைப் பிடுங்கிவிட்டு, சாக்கெட்டில் 30-க்கும் 87-க்கும் இடையே, நடுவில் 15 ஆம்ப் ஃப்யூஸ் வைத்த ஒயர் ஒன்றைச் செருகலாம். பம்ப் நிற்காமல் ஓட வேண்டும். எது 30, எது 87 என்பதில் சந்தேகம் இருந்தால் இதைச் செய்யாதீர்கள். தவறிப்போய் ஈசியு பக்கத்துக் காலில் பேட்டரி கரண்ட் ஏறினால் பம்ப்பைவிடப் பெரிய செலவு. சில வண்டிகளில் 30-க்கு சாவி ஆன் ஆனால்தான் கரண்ட் வரும், அதையும் நினைவில் வையுங்கள்.

ஒயர் செருகியதும் பம்ப் ஓடுகிறது என்றால் ரிலேயிலிருந்து பின்னால் உள்ள பாதை உயிரோடு இருக்கிறது, பொத்தானை யாரும் அழுத்தவில்லை. செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் துளியும் அசைகிறதா என்று பாருங்கள். அசையாமல் கிடந்து, ஸ்பார்க்கும் இல்லையென்றால் கிராங்க் சென்சார் மேல் என் சந்தேகம் போகும். சூடானால் செத்து, ஆறினால் உயிர்க்கும் சென்சார்கள் உண்டு, பாவம் பழி பம்ப் மேல். திருட்டைத் தடுக்கும் இமொபிலைசர் சாவியை ஏற்காவிட்டாலும் சில வண்டிகளில் இதே கதை. ஃபோர்டு, ஃபியட் கார்கள் சிலவற்றில் மோதலின்போது பம்ப்பை நிறுத்தும் சுவிட்ச் ஒன்று இருக்கும். பெரிய பள்ளத்தில் இறங்கிய வேகத்தில் அது தட்டிக்கொள்ளும். தலையை அமுக்கிவிட்டால் போதும்.

இன்னொரு வில்லன் அக்சசரி கடை. அலாரம், சென்ட்ரல் லாக் மாட்டும்போது திருட்டுப் பயத்துக்காக பம்ப் ஒயரை நடுவில் வெட்டி, ஒரு ரிலேயைச் செருகி, கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்டுப் போயிருப்பார்கள். பதினைந்து வருடத்தில் அந்த டேப் பிசுபிசுவென்று உருகி, முறுக்கிவிட்ட ஒயர் தளர்ந்திருக்கும். எல்பிஜி கிட் போட்ட வண்டியிலும் பம்ப் ஒயரில் கை வைத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். கம்பெனி ஒயரிங் படத்தில் இந்த ஒட்டுவேலை எதுவும் இருக்காது. ஸ்டீயரிங்குக்குக் கீழே தலையை நுழைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒயர் செருகியும் பம்ப் ஓடவில்லையா? பின்சீட்டைத் தூக்குங்கள். டேங்க் மேல் மூடியைக் கழற்றினால் கப்ளர் தெரியும். அதில் பெட்ரோல் அளவு காட்டும் கேஜுக்கான ஒயர்களும் சேர்ந்திருக்கும், தடித்த இரண்டுதான் பம்ப்புக்கு. கப்ளரைப் பிரித்ததும் பின்களைப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு பின் மட்டும் நிறம் மாறியிருந்தால் அங்கேதான் சூடு ஏறியிருக்கிறது.

பம்ப்புக்குப் பதிலாகப் பழைய ஹெட்லைட் பல்ப் ஒன்றை அந்தக் கப்ளரில் இணைத்துப் பார்ப்பது என் பிடித்தமான சோதனை. 55 வாட் இழை நாலரை ஆம்ப்புக்கு மேல் இழுக்கும், அதாவது பம்ப் அளவுக்கு. இரண்டு மீட்டர் ஒயரில் பல்பைக் கட்டிக் கதவுக்கு வெளியே வைத்துவிடுங்கள், அதன் கண்ணாடி கொதிக்கும். எல்லாவற்றையும் இணைத்த பிறகு கரண்ட் கொடுங்கள். பளீரென்று வெள்ளையாக எரிந்தால் பாதை சுத்தம், பம்ப்தான் போய்விட்டது. சிவந்து, அழுது வடிந்தால் பம்ப்பை மாற்றிப் பிரயோஜனம் இல்லை.

கடைசியாக டேங்க்கின் அடியில் ரப்பர் சுத்தியால் மெதுவாகத் தட்டியதும் பம்ப் ஓட ஆரம்பித்தால், மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்து தொட்டும் தொடாமலும் நிற்கிறது. வீடு போய்ச் சேர அது உதவும். மறுநாள் புது பம்ப் வாங்கிவிடுங்கள்.

அந்த போல்ட்

இரண்டாவது தடவை நான் ஒர்க்‌ஷாப்புக்குப் போகவில்லை. இன்ஜினை ஐட்லிங்கில் விட்டுவிட்டு, பின்சீட்டைத் தூக்கி, கப்ளரைக் கழற்றாமலே அதன் பின்பக்கம் ஒயர் நுழையும் இடத்தில் மெல்லிய ஊசிகளை நுழைத்து அளந்தேன். ஒயரின் தோலைக் குத்தக் கூடாது, குத்தின துளையில் ஈரம் இறங்கும். ஒரு சங்கடம், ஐட்லிங்கில் ஆல்டர்னேட்டர் வேலை செய்வதால் வோல்ட் ஏறி இறங்கிக் கணக்கு குழம்பியது. இன்ஜினை அணைத்துவிட்டு, ரிலே சாக்கெட்டில் ஒயர் செருகி பம்ப்பை மட்டும் ஓடவிட்டேன்.

பேட்டரியில் 12.4 வோல்ட். பம்ப்பின் இரண்டு முனைகளுக்கும் நடுவில் 9.6. வழியில் 2.8 வோல்ட்டைக் காணோம். எங்கே போயிற்று? மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் கறுப்பு முனையைப் பம்ப்பின் பாசிட்டிவிலும் வைத்தால், போகிற வழியில் தொலைந்தது எவ்வளவு என்று நேரடியாகக் காட்டும். காட்டியது 0.5. பழைய வண்டிக்கு அது பெரிய குற்றமில்லை. பிறகு சிவப்பைப் பம்ப்பின் நெகட்டிவிலும் கறுப்பைப் பேட்டரி நெகட்டிவிலும் வைத்தேன். 2.3. இரண்டுக்கும் நீளமான ஒயர் ஒன்று வேண்டும், அவ்வளவுதான் கூடுதல் சாமான். நல்ல எர்த் என்றால் இங்கே 0.1, 0.2-க்கு மேல் இருக்கக் கூடாது, அரை வோல்ட்டைத் தாண்டினாலே தேட ஆரம்பித்துவிடலாம்.

எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில், மழைத் தண்ணீர் கசியும் மூலையில், பாடியோடு ஒரு போல்ட்டில் முடிந்திருந்தது. வளையத்தைச் சுற்றிப் பச்சைக் களிம்பு, அதற்கடியில் துரு. தொட்டால் சுட்டது. 5 ஆம்ப் என்று வைத்துக்கொண்டால் 2.3 வோல்ட் அங்கே தொலையும்போது 11.5 வாட் சூடு அந்த ஒரு போல்ட்டில்தான் இறங்குகிறது. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, போல்ட்டை எடுத்து, உப்புத்தாள் கொண்டு பாடியில் பளபளவென்று தகரம் தெரியும்வரை தேய்த்தேன். களிம்பேறிய வளையத்தை வெட்டிவிட்டுப் புது வளையம் வைத்து அழுத்தினேன். இறுக்கிவிட்டு மேலே கொஞ்சம் வாசலின். மறுபடி அளந்தபோது எர்த் பக்கம் 0.1, பம்ப்பில் 11.8. சீட்டைப் போடாமலே கேட்டேன், முனகல் ஒரு சுருதி மேலே போயிருந்தது.

தண்ணீர் கசிந்த டெயில் லைட் ரப்பரையும் அன்றைக்கே மாற்றினேன். அதை விட்டுவிட்டால் அடுத்த ஐப்பசிக்கு அதே போல்ட்டில் அதே களிம்பு. கழற்றிப்போட்ட பழைய பம்ப் செய்தித்தாளில் சுற்றி டிக்கியில் கிடக்கிறது, அதற்கு ஒரு வியாதியும் இல்லை.